நகரத்துச் சிற்பங்களும் டாரோ சீட்டுகளும்: சிங்கப்பூரில் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாரோ சீட்டுகளைச் சிற்பம், ஓவியம் வழியாகப் படிக்கிற சிறு குழு எங்களுடையது. வார இறுதியில் கூடுவோம். பாதி நேரம் உட்கார்ந்து பேச்சு, பாதி நேரம் ஆற்றங்கரையில் நடை. புதிதாக வருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

டாரோன்னா என்ன? மொத்தம் எத்தனை சீட்டு?

மொத்தம் 78. அதில் 22 பெரிய சீட்டுகள். எம்பரர், ஜஸ்டிஸ், டெத், சன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் படம் உண்டு. மீதி 56 சின்னச் சீட்டுகள். கோல், கோப்பை, வாள், காசு என நான்கு வகை, வகைக்கு 14. இந்தக் கட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், பிரபுக்கள் வீட்டில் பொழுதுபோக்காக ஆடப் பிறந்தது. மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகக் கையால் வரைந்து பொன்தகடு ஒட்டிய சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பலன் பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பிரான்ஸில் பரவியது. 1781இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் இது பழைய எகிப்தின் ஞானம் என்று எழுதினார். அந்தச் சமயத்தில் எகிப்திய எழுத்தைப் படிக்கவே யாருக்கும் தெரியாது. ஷம்போல்யோன் அதன் புதிரை அவிழ்த்தது 1822இல். ஆனாலும் எகிப்துக் கதை இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது, நம்ப வேண்டாம்.

இப்போது உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தது. கீழே 'வழக்கமான படம்' என்று நான் சொன்னால் அது ஸ்மித் வரைந்த படம்.

இது நம்ம கிளி ஜோசியம் மாதிரிதானே?

வெளிப்பார்வைக்கு அப்படித்தான். படம் போட்ட சீட்டு, அதில் ஒன்று வெளியே வருகிறது, ஒருவர் கதை சொல்கிறார். தேக்காவில் சிராங்கூன் சாலையோரம் கிளியோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெலிலியோஸ் லேனில் பழைய தொழில்களைக் காட்டும் சுவரோவியத்தில் கிளி ஜோசியருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், படிப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

வித்தியாசம் எங்கே என்றால், கிளி எடுத்த சீட்டுக்கு ஜோசியர் பலன் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். எங்கள் குழுவில் யாரும் யாருக்கும் பலன் சொல்வதில்லை. சீட்டை நடுவில் வைத்து, இதில் என்ன தெரிகிறது, ஏன் இப்படி வரைந்தார்கள் என்று பேசுவோம். நாளைக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் எப்போது என்பதையெல்லாம் சீட்டு சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு படத்தை நிதானமாகப் பார்க்கும்போது மனசில் இருக்கிற விஷயம் தானாக வெளியே வரும். அதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நகரத்துச் சிற்பத்தை வச்சு டாரோ கட்டா? அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. நன்றாகத் தெரிந்தது 'டாரோ ஆஃப் பிராக்'. கேரன் மஹோனி, அலெக்ஸ் உக்கொலோவ் இருவரும் செய்து 2003இல் வெளியிட்டது. செக் நாட்டுத் தலைநகர் பிராக்கின் சிலைகள், வீட்டு முகப்புகள், ஓவியங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, வெட்டி ஒட்டி 78 சீட்டுகளாக்கியிருக்கிறார்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது, அதாவது சீட்டிலிருந்து சிற்பத்துக்கு. இத்தாலியில் டஸ்கனி பகுதியில், கபால்பியோ ஊருக்குப் பக்கத்தில் நிகி த சாங் ஃபால் என்ற பெண் சிற்பி 22 பெரிய சீட்டுகளையும் வண்ண ஓடும் கண்ணாடித் துண்டும் பதித்த பிரம்மாண்ட உருவங்களாகக் கட்டினார். பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி அமைத்த பூங்கா தந்த உந்துதல் அது. எம்பரஸ் சீட்டை ஒரு பெண் ஸ்ஃபிங்ஸ் உருவமாக, உள்ளே குடியிருக்கிற அளவுக்குப் பெரிதாகக் கட்டி, வேலை நடந்த காலத்தில் அதற்குள்ளேயே பல வருடம் வாழ்ந்தார். தோட்டம் 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நான் பிராக் போனதே இல்ல. அந்தக் கட்டை வாங்கினா எனக்குப் புரியுமா?

புரியும், ஆனால் பாதிதான். இப்படிப்பட்ட கட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு கதை உண்டு. ஒன்று சீட்டின் கதை. இன்னொன்று அந்தச் சிற்பம் ஏன் செய்யப்பட்டது, எங்கே நிற்கிறது, ஊர்க்காரர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்ற கதை. முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்பவர்களுக்குப் பிராக் கட்டும் வழக்கமான கட்டும் ஒன்றாகவே தெரியும்.

ஓர் உதாரணம். பிராக்கின் சார்லஸ் பாலத்தில் 30 சிலைகளும் சிலைத் தொகுதிகளும் இருக்கின்றன. அவற்றில் மூத்தது 1683இல் வைத்த புனித ஜான் நெபோமுக் சிலை. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம். அடியில் உள்ள புடைப்புச் சிற்பத்தைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று மக்கள் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். நட்சத்திரம், நம்பிக்கை, நீர் மூன்றும் கூடுகிற இந்த இடத்தைத் தெரிந்துகொண்டு ஸ்டார் சீட்டைப் பாருங்கள். வழக்கமான படத்தில் ஒரு பெண் நட்சத்திரங்களின் கீழே நீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். பொருள் விளக்கப் புத்தகத்தில் 'நம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடிவது இங்கே உடம்பும் கையும் உள்ள விஷயமாகிவிடும்.

அதனால்தான் பிராக் கட்டைக் கையில் எடுக்கும் முன், தினமும் கடந்து போகிற நம் ஊர்ச் சிலைகளை வைத்து இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நேரில் போய்ச் சுற்றி வந்து பார்க்க முடிகிற சிலைக்கு எந்தப் புத்தகமும் ஈடாகாது.

சரி, சிங்கப்பூர்ல எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியில் இறங்கி ஆற்றுப் பக்கம் வாருங்கள். யூஓபி பிளாசாவில் இரண்டு சிற்பம். ஃபெர்னாண்டோ பொத்தேரோ 1990இல் செய்த கொழுகொழு பறவை ஆற்றைப் பார்த்து நிற்கிறது. வாழ்வின் மகிழ்ச்சியைச் சொல்லும் பறவை, சன் சீட்டுக்கு யோசிக்காமல் வைத்துவிடலாம். இன்னொன்று சால்வடோர் டாலியின் 'நியூட்டனுக்கு அஞ்சலி'. இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். நெஞ்சு திறந்து கிடக்கிறது, உள்ளே இதயம் தொங்குகிறது. தலையும் திறந்திருக்கிறது. நீட்டிய கையிலிருந்து நூலில் ஒரு குண்டு தொங்குகிறது, அது ஆப்பிள். எங்களில் சிலர் மெஜிஷியன் என்பார்கள், ஒரு விதியைக் கையில் பிடித்து நிற்பதால். நான் ஹேங்டு மேன் என்பேன். வழக்கமான படத்தில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவன் முகத்தில் வேதனையே இருக்காது, தலையைச் சுற்றி ஒளிதான் இருக்கும். தொங்குவதால் ஒன்று விளங்குகிறது என்பதே அந்தச் சீட்டு. டாலியே ஒரு டாரோ கட்டுக்குப் படம் செய்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் கேவனா பாலத்துக்கு நடங்கள். ஃபுல்லர்டன் ஹோட்டல் ஓரமாக ஐந்து பையன்கள் ஆற்றில் குதித்துக்கொண்டே இருப்பார்கள். சோங் ஃபா சியோங் செய்த 'முதல் தலைமுறை'. ஃபூல் சீட்டு இதுதான் என்று புதியவர்கள்கூட உடனே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அந்தச் சீட்டில் ஓர் இளைஞன் மலை விளிம்பில் காலைத் தூக்கி நிற்கிறான். ஆனால் அவன் தனியாள். இங்கே ஐந்து பேர், ஒருவன் குதிப்பதைப் பார்த்து அடுத்தவன் குதிக்கிறான். கூட்டத்தோடு குதிக்கும்போது துணிச்சல் எங்கேயிருந்து வருகிறது? இந்தக் கேள்வி சீட்டை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு வந்திருக்காது.

பாலம் தாண்டி நேஷனல் கேலரி வரை போனால் ஜஸ்டிஸ். 1939இல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பில் ருடோல்ஃபோ நோலி செய்த முக்கோணச் சிற்பம். நடுவில் நீதி தேவதை, ஒரு பக்கம் காப்பாற்றும்படி கெஞ்சுகிற ஆள், நன்றியோடு குனிகிற ஆள், சட்டப் புத்தகத்தோடு நிற்பவர்கள். மறுபக்கம் காளையோடு ஒருவர், கோதுமைக் கதிர் ஏந்திய குழந்தைகள். வழக்கமான சீட்டில் நீதி தனியாக உட்கார்ந்திருப்பாள், எதிரே யாரும் இல்லை. நோலி அவளிடம் வருகிறவர்களையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்.

மெர்லயனுக்கு ஸ்ட்ரெங்த் சீட்டுதானே? சிங்கம் இருக்கே!

இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவில் ஒருமித்த பதில் இல்லை. ஸ்ட்ரெங்த் சீட்டில் சிங்கம் இருக்கிறது, சரி. ஆனால் அந்தச் சீட்டின் உயிர் சிங்கத்தில் இல்லை, பதற்றமே இல்லாமல் அதன் வாயைக் கையாளுகிற பெண்ணிடம் இருக்கிறது. மெர்லயன் வாய் திறந்து நீரைப் பீய்ச்சுகிறது, அதைத் தொடுவார் யாருமில்லை.

நான் டெம்பரன்ஸ் என்பேன். அந்தச் சீட்டில் ஒரு தேவதை ஒரு காலை நிலத்திலும் ஒரு காலை நீரிலும் ஊன்றி, ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக் கலக்கும். மெர்லயன் பாதி சிங்கம், பாதி மீன், முதலில் நின்றது ஆறு கடலைத் தொட்ட இடத்தில். லிம் நாங் செங் 8.6 மீட்டர் உயரத்துக்கு சிமென்டில் செய்து, 1972 செப்டம்பரில் திறக்கப்பட்டது. செதில்களுக்குப் பீங்கான் தட்டுகளையும் கண்களுக்குச் சிவப்புத் தேநீர்க் கோப்பைகளையும் பயன்படுத்தியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு டெம்பரன்ஸ் தேவதை கையிலுள்ள கோப்பைகளை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

எங்கள் குழுவில் ஒரு அக்கா மட்டும் டவர் என்று பிடிவாதமாக இருக்கிறார். டவர் சீட்டில் மின்னல் தாக்கிக் கோபுரத்தின் உச்சி பெயர்ந்து விழும். பிப்ரவரி 2009இல் மெர்லயனின் தலையில் மின்னல் தாக்கி ஓட்டை விழுந்தது, சரிசெய்தார்கள். அவர் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது.

சின்னச் சீட்டு 56ஐ எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? எல்லாம் நம்பராவே தெரியுது.

நம்பரை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். ஆற்றங்கரையில் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துப் பக்கம் செர்ன் லியன் ஷான் செய்த ஒரு வெண்கலத் தொகுதி உண்டு, செட்டியார்களில் தொடங்கி இன்றைய நிதித்துறை வரை காட்டுவது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கைப்பெட்டியோடு தரையில் அமர்ந்து வட்டிக்கடை நடத்திய நம் ஆட்கள் இந்த ஊரின் வணிகத்துக்கே முதல் போட்டுத் தந்தவர்கள். காசு வகையின் ஆறாம் சீட்டில் ஒரு பணக்காரர் ஒரு கையில் தராசு பிடித்து, மண்டியிட்ட இருவருக்குக் காசு போடுகிறார். பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தர்மம் என்று முடித்துவிடும். செட்டியார் சிலை முன்னால் நின்று பாருங்கள். தராசு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கொடுப்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் இடையில் இருக்கிற சங்கடம் முழுவதும் அந்தத் தராசில் இருக்கிறது.

கோல் வகையின் பத்தாம் சீட்டில் ஒருவன் பத்துக் கழியையும் சேர்த்தணைத்துக் குனிந்து நடக்கிறான். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் கூலிகள் ஆவ் டீ ஹோங்கின் ஆற்று வணிகர் தொகுதியில் இருக்கிறார்கள், வணிகர்கள் பேசிக்கொண்டிருக்க இவர்கள் வேலை செய்கிறார்கள்.

நான்கு வகைகளையும் சேர்த்துப் படிக்க, 1932இல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பைப் பாருங்கள். விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து என நான்கு பெரிய வெள்ளை உருவங்கள். வணிகம் காசு, விவசாயம் கோல் என்று எளிதில் வைத்துவிடலாம். கோப்பைக்கு, அதாவது அன்புக்கும் உறவுக்கும், அந்த நான்கில் எதை வைப்பீர்கள்? காலனிய ரயில்வே தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எம்பரர் யாரு, ராஃபிள்ஸா?

தாமஸ் வூல்னர் செய்த வெண்கல ராஃபிள்ஸ், 1887இல் பாடாங்கில் வைத்தது, இப்போது விக்டோரியா அரங்கம் முன்னால் கைகட்டி நிற்கிறது. எம்பரருக்கு வைக்கலாம். ஆனால் அந்தச் சீட்டில் அரசன் கவசம் போட்டுக்கொண்டு கல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், பின்னால் வறண்ட மலை. அதிகாரமும் அதன் தனிமையும் சேர்ந்த படம் அது.

2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் இங்கே வந்திறங்கிய இருநூற்றாண்டு நிறைவின்போது, ஆற்றங்கரை வெள்ளை ராஃபிள்ஸ் சிலையைப் பின்னணிக் கட்டடத்தோடு கரைந்துபோவதுபோல் வண்ணம் பூசினார்கள். பிறகு பக்கத்திலேயே சங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை ஆகிய நால்வரின் சிலைகளும் வந்தன. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைதான் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளம் போட்டவர். தனியாக நின்ற எம்பரரை மறைத்து, பிறகு நான்கு பேரோடு நிறுத்திய அந்தக் காட்சியை இந்தச் சீட்டுக்குச் சிங்கப்பூர் எழுதிய உரை என்றே சொல்வேன்.

டெத், டெவில் சீட்டெல்லாம் பார்த்தா பயமா இருக்கு. எடுத்து வச்சுட்டுப் படிக்கலாமா?

எடுத்து வைக்காதீர்கள், கட்டு குறையும். டெத் சீட்டு வந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்பது சினிமா கொடுத்த பயம். படத்தை முழுதாகப் பாருங்கள். குதிரையில் எலும்புக்கூடு வருகிறது, அரசன் விழுந்து கிடக்கிறான், ஒரு குழந்தை மட்டும் பயமில்லாமல் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் சூரியன்.

பிராக் பழைய சதுக்கத்தில் 1410இல் தொடங்கிய வானியல் கடிகாரத்தில் ஓர் எலும்புக்கூடு மணி அடிக்கும். பக்கத்தில் கண்ணாடி பார்க்கும் தற்பெருமைக்காரனும் பணப்பையோடு கருமியும் 'இப்போது வேண்டாம்' என்பதுபோலத் தலையாட்டுவார்கள். மணிக்கு மணி நூற்றுக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஹாவ் பார் வில்லா என்ற சிலைப் பூங்கா. டைகர் பாம் புகழ் ஆவ் பூன் ஹாவ் 1937இல் தம்பிக்காகக் கட்டியது, ஆயிரத்துக்கு மேல் உருவங்கள். பத்து நரக மண்டபங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டெவில் சீட்டு ஒன்றும் பெரிதில்லை. பத்தாவது மண்டபத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே ஒரு கிழவி மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு மறதி தரும் பானம் கொடுக்கிறாள். டெத் சீட்டில் தூரத்தில் தெரிகிற சூரியன் என்ன என்று அங்கே எனக்குப் புரிந்தது. நரகப் பகுதிக்கு டிக்கெட் உண்டு, பூங்காவின் மற்ற இடம் இலவசம்.

கோயில் கோபுரத்துச் சிற்பங்களைச் சேர்த்துக்கலாமா? அதுவும் நகரத்துச் சிற்பம்தானே?

பார்ப்பதற்கும் படிப்பதற்கும் தாராளமாக. ஒரே உருவம் ஆயுதம், வாகனம், கைச்சாடை மாறும்போது வேறு கதை சொல்வதை கோபுரத்தைவிட நன்றாக எதுவும் கற்றுத்தராது. டாரோவும் அதே முறையில்தான் பேசுகிறது. கும்பாபிஷேகத்துக்குப் பிறகு வண்ணம் மாறியிருப்பதையும் கவனியுங்கள். மாரியம்மன் கோயிலில் கடைசியாக நடந்தது 2023 பிப்ரவரியில்.

சீட்டாக்குவது வேறு. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனை டெத் சீட்டாக வைத்த படத்தை ஒருவர் காட்டினார், எனக்கு ஒப்பவில்லை. பூசை நடக்கிற தெய்வத்துக்கு அவளுடைய பொருளை அவளை வணங்குபவர்கள் வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து இன்னொரு பெயரை ஒட்டக்கூடாது. கிளி ஜோசியச் சீட்டில் சாமி படம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே முருகன் முருகனாகவே வருகிறார், வேறு எதற்கும் வேஷம் கட்டவில்லை.

சீட்டு தலைகீழா வந்தா? சிலையைத் தலைகீழா பார்க்க முடியாதே.

முடியாது, ஆனால் பின்பக்கம் போகலாம். மேலே சொன்ன டாலி சிற்பத்தைச் சுற்றி வாருங்கள், அல்லது குதிக்கும் பையன்களை எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். முன்பக்கம் காட்டாததை அது காட்டும். தலைகீழ்ச் சீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருளும் அதுவே.

சிலை இடம் மாறினா சீட்டோட அர்த்தமும் மாறுமா?

மாறும் என்று நினைக்கிறேன். ங் எங் டெங் 1974இல் பிளாசா சிங்கப்பூராவுக்காக 'செல்வம்', 'மனநிறைவு' என்று இரண்டு உருவங்கள் செய்தார். இப்போது அவை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன. கடைத்தொகுதி வாசலில் அவை வாங்கவும் விற்கவும் வந்தவர்களைப் பார்த்தன. இன்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கின்றன. கோப்பை வகையின் ஒன்பதாம் சீட்டில் கைகட்டித் திருப்தியாக அமர்ந்திருக்கிற மனிதரை 'மனநிறைவு' சிலையோடு சேர்த்துப் படிக்கும்போது, எந்த வாசலில் அமர்ந்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே வரும்.

மெர்லயனும் 2002இல் இடம் மாறியது, எஸ்பிளனேட் பாலம் மறைத்ததால். சார்லஸ் பாலத்தில் பல சிலைகள் இப்போது நகல், அசல்கள் அருங்காட்சியகத்தில். நகலைத் தொட்டுக் கும்பிடுகிறவருக்கு அது அசல்தான்.

நாமளே சிங்கப்பூர் கட்டு ஒண்ணு அச்சடிச்சு விக்கலாமா?

உங்களுக்காகச் செய்து வைத்துக்கொள்வதை நிச்சயம் செய்யுங்கள், அதைவிட நல்ல பயிற்சி இல்லை. விற்பதாக இருந்தால் சட்டம் பாருங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்கச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது, சுவரோவியத்துக்கு அது பொருந்தாது. மெர்லயன் சின்னத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும். சட்டம் விட்டாலும், உயிரோடிருக்கும் சிற்பிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை.

ஒரு சீட்டுக்குப் பொருத்தமான சிலையே கிடைக்கலன்னா?

காலியாக விடுங்கள். கட்டாயமாக எதையாவது வைத்தால் மறுபடி மனப்பாடத்துக்குத்தான் போவோம். வீல் ஆஃப் ஃபார்ச்சூனுக்கு சன்டெக் சிட்டி செல்வ நீரூற்று வெகு எளிதாக அமைந்தது. பெரிய வெண்கல வளையம், மக்கள் நீரில் கை வைத்து மூன்று சுற்று வருகிறார்கள். ஹை பிரீஸ்டஸுக்கு இன்னும் ஆள் இல்லை. இரண்டு தூணுக்கு நடுவில், திரைக்கு முன்னால், பாதி மறைத்த சுருளோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிற பெண் அவள். இந்த ஊரில் அப்படி ஓர் உருவம் உங்கள் கண்ணில் பட்டால் எங்களிடம் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம்.